கம்ப்யூட்டர் பழசாயிடுச்சுன்னு யார் முடிவு பண்றாங்க?

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கேள்வியில இருந்து தொடங்குது. இப்போ நீங்க வச்சிருக்கிற லேப்டாப் உங்ககிட்ட வந்து எத்தனை வருஷம் ஆச்சு? மூணு? அஞ்சு? எட்டு? அடுத்ததை எப்போ வாங்கப் போறீங்க? அந்த நாளை முடிவு பண்ணப் போறது யாரு? நீங்களா, உங்க லேப்டாப்பா, இல்லை வேற யாராவதா?

ஃப்ரிட்ஜ், மிக்சி, சைக்கிள் எல்லாம் பழசாவது நம்ம கண்ணுக்கே தெரியும். துருப்பிடிக்கும், சத்தம் போடும், ஒருநாள் நின்னு போகும். கம்ப்யூட்டர் கதை வேற. வாங்கிய அன்று செய்த வேலையை பத்து வருஷம் கழித்தும் செய்யக்கூடிய ஒரு மெஷின், 'பழசு' என்று பெயர் வாங்கிக்கொண்டு பரணுக்குப் போய்விடுகிறது. அது தேய்ந்துபோனதால் அல்ல. அதைச் சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டதால். அந்த நகர்வோட வரலாறுதான் இன்னைக்கு நாம பேசப்போறது. அதுவும் நம்ம ஊர்ல இருந்து பார்த்தா எப்படித் தெரியுதுன்னு.

பாண்டிச்சேரியில் செய்தது, நெய்வேலி கரண்டில் ஓடியது

கடலூர் மாவட்டத்தில், கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில், மேல்பட்டாம்பாக்கம் என்று ஒரு பேரூராட்சி. அங்கிருந்து தெற்கே போனால் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்ட இடம். சுரங்கம், அனல் மின் நிலையம், டவுன்ஷிப் எல்லாம் அங்கேதான். வடக்கே போனால் பாண்டிச்சேரி. எச்சிஎல், விப்ரோ, ஏசர், ஐபிஎம் என்று ஒரு காலத்தில் இந்தியாவுக்குத் தேவையான கம்ப்யூட்டர்களில் கணிசமானதை அசெம்பிள் செய்த ஆலைகள் அங்கே இருந்தன. 2005இல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டர் தொழிலை லெனோவோவுக்கு விற்றபோது, அந்தப் பாண்டிச்சேரி ஆலையும் சேர்ந்தே கைமாறியது.

அதாவது ஒரு பக்கம் கம்ப்யூட்டர் செய்யற ஊர், இன்னொரு பக்கம் கரண்ட் செய்யற ஊர். நடுவுல இருக்கிற ஊர்களோட வீட்டுக்குள்ள மட்டும் கம்ப்யூட்டர் ரொம்ப லேட்டாத்தான் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க நூற்றுக்கு 10 வீட்டில்கூட கம்ப்யூட்டர் இல்லை. சரியாகச் சொன்னால் 9.5 சதவீதம். 'எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை மாத்துவீங்க' என்ற கேள்வியே, நம்ம ஊர்ல பெரும்பாலான வீடுகளுக்கு அப்போ பொருந்தாத கேள்வி. அங்கே இருந்த கேள்வி, 'முதல் கம்ப்யூட்டர் எப்போ வரும்?'

இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல ஒரு தொடர்பு இருக்கு. அதைக் கடைசில பார்ப்போம். முதல்ல ஆரம்பத்துக்குப் போவோம்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம்

1980களின் தொடக்கம் வரை இந்தியாவில் கம்ப்யூட்டர் இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், வரியும் அதிகம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையைக் கொண்டுவந்து கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதற்குப் பிறகுதான் வங்கி, பெரிய அலுவலகம், கல்லூரி என்று மெஷின்கள் பரவ ஆரம்பித்தன.

சின்ன ஊர்களுக்கு அது 'கம்ப்யூட்டர் சென்டர்' வடிவத்தில் வந்தது. ஏசி ரூம், மூடின கண்ணாடிக் கதவு, மானிட்டருக்கு ஒரு துணி உறை. செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் உள்ளே போகணும். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் கத்துத் தருவாங்க. உங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, யாராவது ஒருத்தராவது போயிருப்பாங்க.

அந்த மெஷின்களை யாரும் மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தல. வாங்கிய விலைக்கு அது உழைத்தே ஆகவேண்டும். வெளிநாட்டில் 486 வந்துவிட்ட பிறகும் இங்கே பல சென்டர்களில் பழைய மெஷினில்தான் பாடம் நடந்தது. பொருள் அரிதாக இருந்தால் அதன் ஆயுள் தானாகவே நீளும். இதுதான் நம்ம கதையோட முதல் பாடம்.

மூன்று வருஷ ஓட்டம்

அடுத்து வந்தது ஓட்டக் காலம். 1993இல் வந்த முதல் பென்டியம் சிப்பின் வேகம் 60 மெகாஹெர்ட்ஸ். 2000இல் அது 1,000ஐத் தொட்டது. 2002 முடிவதற்குள் 3,000ஐத் தாண்டியது. பத்தே வருஷத்தில் 50 மடங்கு.

சாஃப்ட்வேரும் அதற்குச் சமமாக ஓடியது. 1995இல் வந்த விண்டோஸ் 95க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ரேம் போதும் என்றார்கள். 2001இல் வந்த எக்ஸ்பிக்கு 64 எம்பி. 2007இல் விஸ்டாவுக்கு 512 எம்பி. பன்னிரண்டு வருஷத்தில் 128 மடங்கு. இந்தக் காலத்துல கம்ப்யூட்டர் சீக்கிரம் பழசானதுல பொய் எதுவும் இல்லை. 1996ல வாங்கின மெஷின்ல 2001ல வந்த சிஸ்டத்தைப் போட்டா, அது ஏறுறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

இந்த இடத்தில் தமிழ் பேசுறவங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது: தமிழே! 1990களின் கடைசியில் ஒவ்வொரு தமிழ் இணையதளமும் ஒவ்வொரு ஃபான்ட் வைத்திருந்தது. அதை இறக்கிப் போடாவிட்டால் திரையில் குப்பை எழுத்துதான் தெரியும். யூனிகோட் வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் யூனிகோட் தமிழை சிஸ்டத்துக்குள்ளேயே சேர்த்தது விண்டோஸ் 2000இல்தான், 'லதா' என்ற எழுத்துருவோடு. எக்ஸ்பியில்கூட சிடியைப் போட்டு, கண்ட்ரோல் பேனலுக்குள் போய், தனியாக ஒரு டிக் அடித்தால்தான் எழுத்துகள் உடையாமல் வரும். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் சிரமப்பட்டார்கள். சொந்த மொழியைப் படிக்கறதுக்காகவே சிஸ்டத்தை மாத்தினவங்க நம்ம ஆளுங்க. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வ தரமாக ஏற்றது.

இதுக்கு நேர் எதிர்த் திசையில போனவங்களும் உண்டு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற டிடிபி கடைகள். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதோடு அந்த மென்பொருளின் கதை முடிந்தது, அடுத்த பதிப்பே இல்லை. ஆனால் அதில் ஓடும் பழைய தமிழ் எழுத்துருக்கள், வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த டிசைன் ஃபைல்கள் எல்லாம் அந்த மெஷினில்தான் சரியாகத் திறக்கும். அதனால் பல கடைகளில் எக்ஸ்பி மெஷின் ரொம்ப நாள் ஓய்வே எடுக்காமல் ஓடியது. வெளியில இருந்து பார்த்தா 'இன்னும் அப்டேட் ஆகல'ன்னு தோணும். கடைக்காரர் கணக்குல, மாத்தினாத்தான் நஷ்டம்.

கேபினட் அதேதான், உள்ளே வேற

வீடுகளுக்கு இன்னொரு வழி கிடைத்தது. அதன் பெயர் ரிச்சி ஸ்ட்ரீட். சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தச் சந்துகள், மதர்போர்டு தனியாக, ரேம் தனியாக, கேபினட் தனியாக வாங்கும் சந்தையாக மாறின. பிராண்டட் மெஷின் விலைக்குக் கீழே, தேவைக்கு ஏற்ற 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர். மாவட்டத் தலைநகரங்களில் கடை வைத்திருந்தவர்களும் அங்கிருந்துதான் பொருள் எடுத்து வந்தார்கள்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், நம்ம வீடுகள் கம்ப்யூட்டரை 'மாத்தல', 'ஏத்துனாங்க'. இந்தத் தீபாவளி போனஸ்ல ரேம். அடுத்த வருஷம் பெரிய ஹார்ட் டிஸ்க். அதுக்கு அடுத்து மதர்போர்டும் ப்ராசசரும். கழட்டின பழைய பார்ட்ஸ் சித்தப்பா வீட்டு மெஷினுக்குப் போகும். அப்போ அந்தக் கம்ப்யூட்டருக்கு வயசு என்ன? கேபினட்டுக்கு எட்டு, ரேமுக்கு ஒண்ணு, கீபோர்டுக்கு யாருக்கும் தெரியாது.

மானிட்டரை மாத்துறதுக்கு இங்கே வேற ஒரு கணக்கும் இருந்தது. பழைய டப்பா மானிட்டர் கரண்ட் குடிக்கும். 2012இல் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கும் மேல் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கலாம். இன்வெர்ட்டரில் ஓட்டவேண்டிய நிலையில், எல்சிடிக்கு மாறுவது ஆடம்பரம் இல்லை, அவசியம். எல்லா அப்கிரேடும் வீண் செலவுன்னு சொல்ல முடியாதுன்னு இதுக்காகத்தான் சொல்றேன்.

அக்கவுண்டன்ட் எழுதும் வயசு

சரி, கம்பெனிகளுக்கு வருவோம். உங்க ஆபீஸ்ல ஏன் நல்லா ஓடிட்டிருக்கிற லேப்டாப்பை வாங்கிக்கிட்டு புதுசு தர்றாங்க?

பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் எத்தனை வருஷ ஆயுள் என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் சர்வருக்கு 6 வருஷம். டெஸ்க்டாப், லேப்டாப்புக்கு 3 வருஷம். வருமான வரியிலும் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வேகமாகக் கழியும். ரொம்ப காலம் அது வருஷத்துக்கு 60 சதவீதம். 50,000 ரூபாய் மெஷின் ஒரே வருஷத்தில் கணக்கில் 20,000, அடுத்த வருஷம் 8,000, மூணாவது வருஷம் 3,200. 2017-18 நிதியாண்டிலிருந்து அந்த விகிதம் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

மெஷின் உங்க மேஜை மேல நல்லா ஓடிட்டிருக்கும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது கிட்டத்தட்ட செத்துப் போயிருக்கும். கூடவே வாரன்ட்டியும் முடிஞ்சிருக்கும். உடனே மொத்தமா லாட் போட்டு வித்துடுவாங்க.

அந்த லாட் எங்கே போகுதுன்னு தெரிஞ்சா, இன்னைக்குக் கதையோட மையத்துக்கு வந்துட்டோம்னு அர்த்தம். ஓஎம்ஆர்ல ஒருத்தர் திருப்பிக் கொடுத்த லேப்டாப், துடைச்சு, பேட்டரி மாத்தி, எஸ்எஸ்டி போட்டு, ரிச்சி ஸ்ட்ரீட் வழியா ஒரு சின்ன ஊர்க் கடைக்குப் போகும். அங்கே காலேஜ்ல சேர்ந்த ஒரு பிள்ளைக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். நகரத்தோட மூணு வருஷப் பழக்கம்தான் இன்னொரு இடத்துல முதல் வாய்ப்பா மாறுது. ஆரம்பத்துல சொன்ன அந்தத் தொடர்பு இதுதான்.

2011: ஒரே வருஷம், ரெண்டு கதை

2000களின் நடுவில் ஓட்டம் நின்றது. சிப்பின் வேகத்தை அதற்கு மேல் ஏற்றினால் சூடு தாங்கவில்லை. 2004 மே மாதம் இன்டெல், பென்டியம் 4க்கு அடுத்து வரவேண்டிய சிப் திட்டத்தையே ரத்து செய்துவிட்டு, ஒரே சிப்பில் பல கோர்கள் என்ற வழிக்குத் திரும்பியது. அதன்பிறகு பிரௌசர், வேர்ட், படம் பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் புது மெஷினும் பழைய மெஷினும் அவ்வளவு வித்தியாசமாகத் தெரியவில்லை. போதாததற்கு ஸ்மார்ட்ஃபோன் வந்துவிட்டது. 2011இல் உலகம் முழுக்க 35 கோடிக்கும் மேல் கம்ப்யூட்டர்கள் விற்றன. அதுதான் உச்சம். அடுத்த வருஷத்திலிருந்து இறங்குமுகம். 2016இல் இன்டெல் தலைவர் பிரையன் கிர்சானிச், மக்கள் முன்பு 4 வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை மாற்றினார்கள், இப்போது 5, 6 வருஷம் ஆகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

உலகம் கம்ப்யூட்டர் வாங்குறதைக் குறைக்கப் போன அதே 2011ல, தமிழ்நாடு வாங்க ஆரம்பிச்சது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். முதல்வர் ஜெயலலிதா அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு, எல்காட் நிறுவனம் வழியாக. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. கடலூர் மாவட்டம் அந்த வருஷக் கடைசியில் வேறொன்றையும் பார்த்தது. டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்து, முந்திரியும் பலாவும் மின்கம்பங்களும் ஒன்றாகச் சாய்ந்தன. நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்களே இருட்டில் கிடந்தன. அந்தக் காலத்தில், ப்ளக்கைப் பிடுங்கினாலும் ஓடும் ஒரு மெஷினுக்கு இருந்த மதிப்பு வேறு.

முதல் தொகுப்பு லேப்டாப்களில் 2 ஜிபி ரேம். ஒன்றுக்கு இரண்டு சிஸ்டம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7இன் அடிமட்டப் பதிப்பு. அதில் வால்பேப்பர்கூட மாற்ற முடியாது. முக்கியமாக, அது 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்காது. ரிச்சி ஸ்ட்ரீட் வழக்கப்படி நீங்க இன்னொரு ரேம் வாங்கிச் செருகினாலும் பிரயோஜனம் இல்லை. மெஷின் தயார், ஸ்லாட்டும் தயார், லைசென்ஸ் தயாராக இல்லை. ஒரு கம்ப்யூட்டரோட உச்சவரம்பை இரும்பு தீர்மானிக்காம, காகிதம் தீர்மானிச்ச இடம் இது. அதே மெஷினில் லினக்ஸுக்கு மாறியவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

தேதி குறித்து வரும் முதுமை

2014 ஏப்ரல் 8. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திய நாள். முந்தின நாள் வரைக்கும் நல்லா இருந்த கோடிக்கணக்கான மெஷின்கள் மறுநாள் 'பாதுகாப்பற்றவை'. தமிழக அரசு அப்போது தன் துறைகளை பாஸ் லினக்ஸ் பக்கம் திருப்பப் பார்த்தது. வங்கிகள் நகரவே இல்லை. நாடு முழுக்க ஏடிஎம்கள் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் 2018இல் ரிசர்வ் வங்கி, 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களையும் மாற்ற வேண்டும் என்று கெடு வைத்தது.

'ஓடுற வரைக்கும் ஓடட்டும்'னு சொல்றதும் ஆபத்துதான். 2017 மே மாதம் வான்னாக்ரை தாக்குதல் வந்தபோது, அப்டேட் ஆகாத விண்டோஸ் மெஷின்கள்தான் மாட்டின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போனது. அதனால பழைய மெஷினைக் காதலிக்கிறது வேற, பழைய சிஸ்டத்தைக் கட்டிக்கிட்டு அழுறது வேற. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்.

அடுத்த தேதி 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10க்கு முடிவு. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், 2026 அக்டோபர் வரை. இந்த முறை ஒரு வித்தியாசம் இருக்கு. விண்டோஸ் 11க்கு ரேம் ஏத்தினா போதாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் மெஷினாக இருந்தால் பொதுவாக 2017இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஆராய்ச்சி நிறுவனமான கனாலிஸ், இதனால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் மறுவிற்பனை மதிப்பை இழக்கலாம் என்று கணித்தது.

மறுவிற்பனை மதிப்பு. இந்த வார்த்தையை நம்ம சின்ன ஊர்க் கடையில நின்னு கேட்டுப் பாருங்க. கம்பெனி லாட்ல இருந்து இறங்கி வந்து யாரோ ஒருத்தருக்கு முதல் கம்ப்யூட்டரா ஆகவேண்டிய மெஷின்கள் அவை. இலவச லேப்டாப் திட்டமும் பெருந்தொற்றுக் காலத்தோடு நின்றுபோயிருந்தது. 2020இல் பள்ளி, கல்லூரி எல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது, அண்ணனோ அக்காவோ பல வருஷம் முன்பு வாங்கி வந்த அரசு லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்த வீடுகள் உண்டு. 2025 மார்ச் பட்ஜெட்டில்தான் தமிழக அரசு, இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவித்தது. அரசு கொடுக்கிறது ஒரு வழி. மேல இருந்து கீழ இறங்கி வர்றது இன்னொரு வழி. அந்த ரெண்டாவது வழியைத்தான் எங்கேயோ குறிச்ச ஒரு தேதி இப்போ குறுக்கிடுது.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

இந்த நாப்பது வருஷக் கதையில கம்ப்யூட்டரைப் பழசாக்கினது பல பேர். ஒரு காலத்தில் நிஜமாகவே பொறியியல். அப்புறம் கணக்குப் புத்தகம். அப்புறம் லைசென்ஸ். இப்போ சப்போர்ட் தேதி. இதில் முதல் காரணம் கிட்டத்தட்ட 2005க்குப் பிறகு வலுவிழந்துவிட்டது. மற்றவை எல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். மனிதர்கள் எடுத்த முடிவை மனிதர்கள் கேள்வி கேட்கலாம், மாற்றவும் செய்யலாம்.

உங்க லேப்டாப் மெதுவா இருந்தா, மாத்துறதுக்கு முன்னாடி இரண்டு விஷயம் பாருங்க. உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா? எஸ்எஸ்டி போட்டாலே பாதி நோய் தீரும். விண்டோஸ் 11 ஏறாதா? உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் போட்டால் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும். பிரௌசர், டைப்பிங், படிப்பு, கோடிங் எல்லாத்துக்கும் அது போதும். வீடியோ எடிட்டிங், பெரிய கேம் மாதிரி உண்மையான தேவை இருந்தா தாராளமா புதுசு வாங்குங்க.

வாங்கும்போது பழசைப் பரண்ல போடாதீங்க. ஓடுற மெஷினா இருந்தா, உள்ளே இருக்கிற உங்க விஷயங்களை முழுசா அழிச்சுட்டு, தேவைப்படுற யாருக்காவது கொடுங்க. ஓடவே ஓடாதுன்னா காயலான் கடை வேண்டாம். 2012 மே முதல் இந்தியாவில் மின்கழிவு விதிகள் அமலில் இருக்கின்றன. பழைய மெஷினைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் உண்டு. கேட்டால்தான் அது நடக்கும்.

பரண்ல நாலு வருஷம் தூங்குற லேப்டாப் அப்புறம் யாருக்கும் உதவாது. அதே மெஷின் இன்னைக்கே கை மாறினா, ஒருத்தரோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஆகும். உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருக்கான்னு இந்த வாரம் பாருங்க. எந்த வருஷம் வாங்கினது, இப்போ யார்கிட்ட இருக்குன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.